காண்ட்ரா, பேக்-மேன், டெட்ரிஸ்... சின்ன வயசுல நாம ஆடின வீடியோ கேமுக்குள்ள இருந்த அரசியல் என்ன?

கேசட்டை எடுத்து 'ஊஃப்' என்று ஊதி, திரும்பச் செருகி, டிவியில் படம் வருவதற்குள் மேல், மேல், கீழ், கீழ், இடது, வலது, இடது, வலது என்று பட்டனைத் தட்டினால் 30 உயிர் கிடைக்கும். 90-ஸ் கிட்ஸுக்கு இது எந்தக் கேம் என்று சொல்லவே வேண்டாம். காண்ட்ரா.

சென்னையோ களக்காடோ, ஒரு தெருவில் ஒரு வீட்டில் வீடியோ கேம் இருந்தால் போதும், லீவு நாளில் மொத்தத் தெருவும் அந்த வீட்டில்தான் இருக்கும். அப்போது யாரும் கேட்காத ஒரு கேள்வி: 'காண்ட்ரா'ன்னா என்ன?

அது ஒரு நிஜப் படையின் பெயர். மத்திய அமெரிக்க நாடான நிகரகுவாவில் 1979-ல் சாண்டினிஸ்டா என்ற இடதுசாரி இயக்கம் ஆட்சியைப் பிடித்தது. அதை எதிர்த்து ஆயுதம் ஏந்திய குழுக்களின் பெயர்தான் காண்ட்ராக்கள். அவர்களுக்குப் பின்னால் இருந்தது ரீகன் தலைமையிலான அமெரிக்க அரசு. ஈரானுக்கு ரகசியமாக ஆயுதம் விற்று, அந்தப் பணத்தைக் காண்ட்ராக்களுக்குத் திருப்பிவிட்ட விவகாரம் 1986 நவம்பரில் வெடித்தது. ஜப்பானின் கோனாமி நிறுவனம் 'காண்ட்ரா' கேமை வெளியிட்டது 1987 பிப்ரவரியில். முதலில் அது காசு போட்டு ஆடும் ஆர்கேட் இயந்திரமாகத்தான் வந்தது. கேசட்டாக நம் கைக்கு வந்தது அதன் பிறகு.

பெயர் தற்செயலாக அமைந்திருக்கலாமே என்று தோன்றும். ஆனால் அந்த ஆர்கேட் கேமின் முடிவில் வரும் இசைக்கு வைத்த பெயர் 'சாண்டினிஸ்டா'. அதையும் தற்செயல் என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்தான்.

அப்போ காண்ட்ரா ஒரு அரசியல் கேமா? இங்கேதான் விஷயம் சிக்கலாகிறது. கேமின் கதையில் நிகரகுவாவே கிடையாது. 2633-ம் ஆண்டு, வேற்றுக்கிரக எதிரி, சட்டை போடாத இரண்டு கமாண்டோக்கள், அவ்வளவுதான். ஜெர்மனியில் வன்முறை தொடர்பான விதிகள் கடுமை என்பதால் மனிதர்களை எடுத்துவிட்டு ரோபோக்களை வைத்து, 'ப்ரோபோடெக்டர்' என்று பெயரை மாற்றி விற்றார்கள். கேம் அப்படியேதான் ஓடியது, ஆடியவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதாவது பெயரும் படமும் மேல்பூச்சுதான். அரசியலைத் தேடுவதாக இருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும்.

எங்கே தேடுவது? ஆடுபுலி ஆட்டத்தைப் பாருங்கள்

இதைப் புரிந்துகொள்ள கம்ப்யூட்டரே தேவையில்லை. பழைய கோயில் மண்டபங்களின் கல்தரையில் கீறிவைத்த கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பக்கம் 3 புலி, மறுபக்கம் 15 ஆடு. புலி தாண்டினால் ஆடு செத்தது. ஆடு யாரையும் தாண்ட முடியாது, யாரையும் கொல்ல முடியாது. நகரலாம், அவ்வளவுதான். ஆனாலும் ஆடு ஜெயிக்கலாம். எல்லா ஆடும் சேர்ந்து நின்று, புலி நகரவே இடமில்லாமல் அடைத்துவிட்டால் ஆட்டம் முடிந்தது. (சின்னச் சின்ன விதிகள் ஊருக்கு ஊர் மாறும். சண்டைக்கு வராதீர்கள்.)

இதில் யாரும் கதை சொல்லவில்லை, வசனம் பேசவில்லை. 'பலமில்லாதவன் ஒற்றுமையாக நின்றால் பலசாலியை முடக்கலாம்' என்று எங்கேயும் எழுதியும் வைக்கவில்லை. யாருக்கு என்ன செய்ய அனுமதி, யாருக்கு இல்லை, எப்போது ஆட்டம் முடியும் என்ற மூன்று விஷயத்திலேயே அத்தனையும் இருக்கிறது.

விதி மாறினால் அரசியலும் மாறும் என்பதற்குக் களக்காட்டிலேயே நிஜ உதாரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகமாக களக்காடு–முண்டந்துறை 1988-ல் அறிவிக்கப்பட்டது. கட்டத்தில் புலியை அடைப்பது வெற்றி. காப்பகத்திலோ புலியைக் காப்பதுதான் வெற்றி, ஆடு உள்ளே போனால் தவறு. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகக் காடுகளில் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. பிறகு அதைத் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் ஆகியவற்றுக்கு மட்டும் என்று மாற்றியது. காட்டை ஒட்டிக் கிடை போடுபவருக்கு இது வாழ்க்கைப் பிரச்சினை, புலிக்கும் அப்படித்தான். புலியும் ஆடும் அதேதான், விதியை எழுதியவர்தான் வேறு.

விதிகளே ஒரு வாதத்தை வைக்கும் என்ற இந்தக் கருத்தை அமெரிக்க ஆய்வாளர் இயன் போகோஸ்ட் 2007-ல் ஒரு புத்தகமாகவே எழுதினார். அதற்கும் ஒரு நூற்றாண்டு முன்னால் அதைச் செய்தே காட்டியவர் லிஸி மேகி என்ற பெண்மணி. நாம் 'பிசினஸ்' என்று ஆடிய போர்டு கேமுக்கு மூலம் மோனோபோலி. அந்த மோனோபோலிக்கு மூலம், 1904-ல் மேகி காப்புரிமை பெற்ற 'லேண்ட்லார்ட்ஸ் கேம்'. நிலத்தைச் சேர்த்து வாடகை வாங்குவது எவ்வளவு அநியாயம் என்று காட்டத்தான் அவர் அதை உருவாக்கினார். அடுத்தவரைப் போண்டியாக்கினால் வெற்றி என்று ஒரு விதி, செல்வம் எல்லோருக்கும் பகிரப்படும் என்று இன்னொரு விதி, இரண்டுமே வைத்திருந்தார். உலகம் எடுத்துக்கொண்டது முதல் விதியை மட்டும்.

சரி, இப்போது இதே கண்ணோடு அந்தக் காலத்து ஆர்கேட் கேம்களைப் பார்க்கலாம்.

ஜெயிக்கவே முடியாத போர்

அரசியல் பொருள் தேடுபவர்கள் முதலில் கை வைப்பது 'மிசைல் கமாண்ட்' மீதுதான். அதற்குக் காரணமும் இருக்கிறது. 1980-ல் அடாரி நிறுவனம் வெளியிட்டது. அமெரிக்காவும் சோவியத் யூனியனும் அணுகுண்டுகளை ஒருவர் மீது ஒருவர் குறிவைத்துக்கொண்டு நின்ற காலம்.

திரையின் அடியில் ஆறு நகரங்கள், மூன்று ஏவுதளங்கள். மேலிருந்து ஏவுகணைகள் கோடு கோடாக விழும். நீங்கள் அவற்றை வானத்திலேயே வெடிக்க வைக்க வேண்டும். எதிரி யார் என்று தெரியாது. எதிரியின் நாட்டைத் தாக்க உங்களிடம் ஒரு பட்டனும் கிடையாது, தடுக்க மட்டும்தான் முடியும். இதை உருவாக்கிய டேவ் தியூரர், ஆட்டம் தற்காப்பாக மட்டும் இருக்க வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். ஆறு நகரங்களும் முதலில் அவர் மனதில் கலிபோர்னியாவின் நிஜ நகரங்களாகவே இருந்தன. சான் பிரான்சிஸ்கோ, லாஸ் ஏஞ்சலஸ் எல்லாம் அதில் உண்டு. பிறகு பெயர்களை எடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு தளத்திலும் பத்தே பத்து ஏவுகணை. அதனால் ஆடும்போது ஒரு கட்டத்தில் நீங்கள் ஒரு முடிவெடுத்தே ஆக வேண்டும். எல்லா நகரத்தையும் காப்பாற்ற முடியாது, அப்போ எதை விடுவது? ஓரத்தில் இருக்கும் நகரத்தைக் கைவிட்டு நடுவில் இருப்பதைக் காப்பாற்றலாமா? பத்து வயசுப் பையன், கையில் உருட்டுப் பந்தை வைத்துக்கொண்டு, ஒரு ராணுவத் தளபதி எடுக்க வேண்டிய முடிவை மூன்று நொடியில் எடுக்கிறான். இந்தக் கேம் இவ்வளவு பேசப்படுவதற்கு இந்த மூன்று நொடிதான் காரணம் என்பது என் கருத்து.

எவ்வளவு திறமையாக ஆடினாலும் முடிவு ஒன்றே. கூடுதல் நகரம் போனஸாகக் கிடைக்கலாம், நேரத்தை நீட்டிக்கலாம், ஆனால் ஏவுகணைகள் வேகமெடுத்துக்கொண்டே இருக்கும். கடைசி நகரமும் விழுந்த பிறகு மற்ற கேம்களைப் போல 'கேம் ஓவர்' என்று வராது. ஒரு பெரிய வெடிப்பு திரையை நிரப்பும், அதில் 'தி எண்ட்' என்று வரும்.

இதை உருவாக்கிய நாட்களில் ஏவுகணை வந்து விழுவதுபோலக் கனவு கண்டு திடுக்கிட்டு எழுந்ததாகத் தியூரரே பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். இந்தக் கேம் வந்து மூன்று வருடம் கழித்து, 1983 மார்ச்சில், எதிரி ஏவுகணைகளை வானத்திலேயே அழிக்கும் பாதுகாப்புத் திட்டத்தை அதிபர் ரீகன் அறிவித்தார். ஆர்கேட் கடையில் காசு போட்டு ஆடியவர்களுக்கு அது எப்படி முடியும் என்று ஏற்கெனவே தெரியும்.

மனிதர்களைச் சுடக்கூடாது, ஆனால்...

1978-ல் ஜப்பானில் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' கதை இன்னும் சுவாரசியம். உருவாக்கிய டோமோஹிரோ நிஷிகாடோ, எதிரியாக டாங்க், விமானம், மனிதர் என்று பலதையும் யோசித்துப் பார்த்தார். மனிதர்களைச் சுடுவது சரியில்லை என்று அது கைவிடப்பட்டது. அதன் பிறகு வந்தவைதான் வேற்றுக்கிரகப் பிராணிகள். ஒரு வரிசைக்கு 11 என ஐந்து வரிசை, மொத்தம் 55. சுடச் சுட மிச்சமிருப்பவை வேகமெடுக்கும். பொருள் குறையக் குறைய கணினிச் சிப்புக்கு வரையும் வேலை குறைந்ததால் தானாக நடந்தது அது. நிஷிகாடோ அதை அப்படியே விட்டுவிட்டார், அதுவே ஆட்டத்தின் உயிரானது. 'எதிரியை ஒழிக்க ஒழிக்க மிச்சமிருப்பவன் மூர்க்கமாவான்' என்று இதற்கு அரசியல் விளக்கம் கொடுப்பவர்கள் உண்டு. பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் அது பிறந்தது சிப்பின் சோம்பேறித்தனத்தில்.

இதற்கு நேர் எதிரான கதை 'பேட்டில்ஸோன்'. 1980-ல் அடாரி வெளியிட்ட டாங்க் கேம். அதைப் பார்த்த அமெரிக்க ராணுவத் தரப்பு, பிராட்லி கவச வாகனத்தின் வீரர்களுக்குப் பயிற்சி கொடுக்க இதையே மாற்றித் தர முடியுமா என்று கேட்டது. உருவாக்கிய எட் ராட்பெர்க்குக்குத் துளியும் விருப்பமில்லை. ஆனாலும் நிறுவனம் சொன்னதால் வேலை நடந்தது. இங்கே அரசியலைத் தேடி எடுக்க வேண்டிய அவசியமே இல்லை, அதுவே கதவைத் தட்டி உள்ளே வந்துவிட்டது.

பேக்-மேன்: எவ்வளவு தூரம் போகலாம்?

பேக்-மேனைப் பார்ப்பவர்கள் உடனே சொல்வது, 'இது நுகர்வு வெறி'. வாயைத் தவிர வேறெதுவும் இல்லாத ஓர் உருவம். தின்பதைத் தவிர வேலை இல்லை. தின்று முடித்தால் பரிசாக அதே தட்டு மறுபடி நிரப்பி வரும்.

உருவாக்கிய டோரு இவாடானி சொன்ன காரணமோ வேறு. அந்தக் காலத்து ஆர்கேட் கடைகளில் ஆண்கள்தான் இருந்தார்கள், எங்கே பார்த்தாலும் சுடும் கேம். பெண்களும் ஜோடிகளும் வந்து ஆட வேண்டும், அதற்குச் சாப்பாடு சரியான விஷயம் என்று நினைத்தேன் என்றார். பெண்களை எதிர்பார்க்காத ஓர் இடத்துக்குப் பெண்களை அழைத்து வர ஒரு கேமை மாற்றி யோசிப்பதும் அரசியல்தானே? அந்தக் கோணத்தில் பார்ப்பவர்கள் குறைவு என்பதுதான் ஆச்சரியம்.

எனக்குப் பிடித்தது இன்னொரு விதி. நாள் முழுக்க நான்கு பேய்களுக்குப் பயந்து ஓடுபவர், மூலையில் இருக்கும் பெரிய புள்ளியைத் தின்ற அந்தச் சில நொடி மட்டும் அவற்றையே துரத்தலாம். பேய்கள் நீலமாகிப் பயந்து ஓடும். அப்புறம் மினுக், மினுக், பழையபடி நாம் ஓட வேண்டியதுதான். ஓட்டுப் போடுற அன்னிக்கு நமக்கு இருக்கிற மரியாதை ஞாபகத்துக்கு வந்தால் அதற்கு நிறுவனம் பொறுப்பல்ல!

இப்படி நம் இஷ்டத்துக்குப் பொருள் சொல்லிக்கொண்டே போனால் எங்கே நிறுத்துவது என்ற கேள்வி நியாயமானது. ஆய்வாளர்களே இதற்காக மோதிக்கொண்டிருக்கிறார்கள், டெட்ரிஸை வைத்து.

டெட்ரிஸ் யாருடையது?

திருவிழாக் கடைகளில் 'பிரிக் கேம்' என்று விற்ற சின்னச் சாம்பல் நிறப் பெட்டி நினைவிருக்கிறதா? அதில் ஆடியது டெட்ரிஸ்தான். 1984-ல் மாஸ்கோவில், சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவ் உருவாக்கியது. 1988-ல் ஆர்கேட் இயந்திரமாகவும் வந்தது. அடாரியின் இயந்திரத்தில் ரஷ்ய தேவாலயத்தின் வெங்காய வடிவக் கோபுரங்களையே வரைந்து வைத்தார்கள். எதிரி நாட்டுச் சரக்கு என்பதே விளம்பரம்!

1997-ல் அமெரிக்கப் பேராசிரியை ஜேனட் முர்ரே, டெட்ரிஸ் என்பது 1990-களின் அமெரிக்கர்கள் ஓய்வின்றி வேலைக்கு மேல் வேலை பார்த்த வாழ்க்கையின் வடிவம் என்று எழுதினார். ஃபின்லாந்து ஆய்வாளர் மார்க்கு எஸ்கெலினன் பிறகு இதைக் கிண்டலடித்தார். சோவியத் கேமை எடுத்து அமெரிக்கக் கதையைப் பூசுகிறீர்கள், கேமைக் கேமாகப் பாருங்கள் என்பது அவர் வாதம். இரண்டு பக்கமும் பாதி சரி என்றே தோன்றுகிறது. கட்டை மேலிருந்து வரும், எது வரும் என்பது உங்கள் கையில் இல்லை, வேகம் கூடுமே தவிர குறையாது. இந்த விதியை மாஸ்கோவில் வரிசையில் நின்றவரும் தன் கதையாகப் படிக்கலாம், நைட் ஷிஃப்ட் பார்ப்பவரும் படிக்கலாம். ஆனால் விதியில் இல்லாததைப் படிக்கக் கூடாது.

டெட்ரிஸில் கண்ணுக்கே தெரியும் அரசியல் வேறொன்று உண்டு: காசு யாருக்குப் போனது? அரசு மையத்தில் உருவானதால் உரிமை சோவியத் அரசின் எலோர்க் நிறுவனத்திடம் போனது. உலகம் முழுக்க விற்ற கேமுக்கு, 1996-ல் உரிமை திரும்பி வரும் வரை பஜித்னோவுக்கு ராயல்டி கிடையாது. டெட்ரிஸ் ஆர்கேடுக்கு வந்த அதே 1988-ல், நவம்பரில், நம் நெல்லை மாவட்டத்தின் கூடங்குளத்துக்கு அணு உலை தர கோர்பசேவும் ராஜீவ் காந்தியும் ஒப்பந்தம் போட்டார்கள். சோவியத்திலிருந்து நம் பக்கம் முதலில் வந்து சேர்ந்தது டெட்ரிஸ்தான்.

நம்மை எப்படி வரைந்தார்கள்?

மேல்பூச்சு முக்கியமே இல்லை என்று முன்னால் சொன்னதற்கு ஒரு விலக்கு உண்டு: நாமே அதில் இருக்கும்போது. 1991-ல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' சண்டைக் கேமில் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு வீரர். அமெரிக்காவுக்கு ராணுவ வீரர், ஜப்பானுக்குக் கராத்தே வீரர், சுமோ வீரர். இந்தியாவுக்கு? தல்சிம். எலும்பும் தோலுமான யோகி, கழுத்தில் மண்டை ஓட்டு மாலை, ரப்பர் போல நீளும் கை கால், வாயிலிருந்து தீ. பின்னால் வரிசையாக யானைகள். தீயைக் கக்கும்போது 'யோகா ஃபயர்' என்று கத்துவார்.

நம் பிள்ளைகள் அவரை ஆசையாகத்தான் எடுத்து ஆடினார்கள், நம்ம ஆளாச்சே. தூரத்திலிருந்தே குத்தலாம் என்பதால் பயன்படவும் செய்தார். ஆனால் அந்தத் திரையில் அமெரிக்காவிடம் விமானம் இருந்தது, நம்மிடம் யானை இருந்தது என்பதைப் பெரியவர்களான பிறகு பார்த்தால் கொஞ்சம் உறுத்தத்தான் செய்கிறது.

யாரும் பேசாத விதி: காசு

எல்லா ஆர்கேட் கேமுக்கும் பொதுவான ஒரு விதி உண்டு, அது திரையில் தெரியாது. சில நிமிடத்தில் உங்களைத் தோற்கடித்து அடுத்த காசைப் போட வைக்க வேண்டும். மிசைல் கமாண்டில் ஜெயிக்க முடியாது என்றால், அதற்குப் போர் பற்றிய கவலை ஒரு காரணம், கடைக்காரரின் கல்லாப்பெட்டி இன்னொரு காரணம். முதலாவதை மட்டும் பேசி இரண்டாவதை விட்டுவிடுவது சரியில்லை.

இந்தியாவில் நீதிமன்றம் வரை போனது இந்த விதிதான். வீடியோ கேம் கடைகளுக்கு போலீஸ் லைசென்ஸ் வேண்டும் என்பதை எதிர்த்து பெங்களூரு உள்ளிட்ட இடங்களின் கடைக்காரர்கள் போட்ட வழக்கில், 1995-ல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. 'எம்.ஜே.சிவானி எதிர் கர்நாடக அரசு' என்பது வழக்கின் பெயர். திறமைக்கான ஆட்டம் என்று சொல்லிக்கொண்டாலும், ஆடுபவர் ஜெயிக்க முடியாதபடி இயந்திரத்தையே உள்ளே மாற்றிவைக்க முடியும் என்ற கவலையும் அதில் பேசப்பட்டது.

இருபத்தேழு வருடம் கழித்து, அதே கேள்வி போனுக்குள் வந்தது. ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள் தமிழ்நாட்டை உலுக்க, 2022-ல் ஓய்வுபெற்ற நீதிபதி கே.சந்துரு தலைமையில் குழு அமைக்கப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சட்டமன்றத்தில் மசோதா நிறைவேறியது. ஆளுநர் அதைத் திருப்பி அனுப்ப, 2023 மார்ச்சில் மறுபடி நிறைவேற்றி அனுப்ப, ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது. நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், சட்டம் செல்லும், ஆனால் ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டங்கள், அவற்றைத் தடை செய்தது செல்லாது என்றது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசு, திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம் எல்லாவற்றையும் தடை செய்து சட்டம் கொண்டுவந்தது.

இதற்கிடையே 2025 பிப்ரவரியில் தமிழ்நாடு அரசு ஒரு விதி போட்டது. நள்ளிரவு 12 மணி முதல் காலை 5 மணி வரை பணம் கட்டி ஆடும் ஆன்லைன் கேம்களில் யாரும் உள்ளே நுழையக் கூடாது. நிறுவனங்கள் வழக்குப் போட்டன, ஜூனில் உயர் நீதிமன்றம் அந்த விதி செல்லும் என்றது. அந்தக் காலத்து வீடியோ கேம் கடையில் இந்த விதியை யாரும் எழுதத் தேவைப்படவில்லை. ராத்திரி ஒன்பது மணிக்குக் கடைக்காரர் ஷட்டரை இறக்குவார், பையன்கள் வீட்டுக்குப் போவார்கள்.